பால்: ஆண்

தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
வெர்னா ஹால்வர்சனுக்கு அரசாங்கம் சம்பளம் தருவதே
பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்குத்தான்.

மொன்டானா, ஜனவரி.
வெளியே கார்கள் இருந்த இடத்தில் வெள்ளை மேடுகள்.
உள்ளே ஆயிரத்து நூறு காகித உறைகள்,
ஒவ்வொன்றிலும் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக
ஒரு கரடிப் பல்.
சுட்டவர் தலையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.
கோரைப்பல்லுக்குப் பின்னால்
எதையும் கடிக்காமல் சும்மா இருக்கும் சின்னதை
அலுவலர் குறடால் பிடுங்கிக்கொள்வார்.
தலை வீட்டுச் சுவருக்கு. பல் வெர்னாவுக்கு.

அமிலத்தில் ஊறினால் ரப்பர்போல வளையும்.
மயிரைவிட மெல்லிசாகச் சீவி, நீலச் சாயம் ஏற்றி,
கண்ணாடிச் சில்லில் கிடத்தினால்
வேரைச் சுற்றி வருடங்கள்:
கோடைக்கு ஒரு பட்டை,
குளிர்காலத் தூக்கத்துக்கு ஒரு கருங்கோடு.
அவள் கோடுகளை மட்டும் எண்ணுவாள்.
அந்த எண்களைக் கூட்டி வகுத்து
அடுத்த வருடம் எத்தனை கரடி சாகலாம் என்று
பிப்ரவரிக் கூட்டத்தில் முடிவாகும்.
சாவு என்று அங்கே யாரும் சொல்வதில்லை.
அறுவடை என்பார்கள்,
என்னவோ இவர்கள் விதைத்ததுபோல.

உறை எண் 638.
சுட்டவர் ராய்ஸ் டீட்ரிக். அக்டோபர் ஒன்பது, மாலை.
பால்: ஆண். பேனா அழுத்திய குறி.
உடன் குட்டிகள்: இல்லை.

பதினான்கு கோடுகள். சுலபமான பல்.
எழுதிவிட்டு அடுத்ததை எடுத்திருக்கலாம்.
ஆனால் ஆறாவது பட்டை ஒடுங்கியிருந்தது.
ஏழு அகலம்.
எட்டு மறுபடி ஒடுக்கம்.
வெர்னா காப்பியைத் தள்ளிவைத்தாள்.
பதினொன்று. பதின்மூன்று.
(பத்தாம் வருடம் மலையில் பழம் பொய்த்திருக்கும்.)
கடைசியாக ஓரத்தில்,
கோடு விழுமுன் நின்றுபோன அந்தக் கோடை,
நூல் மாதிரி.

பால் கொடுக்கும் வருடத்தில்
தாயின் பல்லுக்கு மிஞ்சுவது அவ்வளவுதான்.
சுண்ணாம்பெல்லாம் குட்டிகளுக்குப் போய்விடும்.
படிவத்தில் பால் என்று ஒரு கட்டம் உண்டு.
இந்தப் பாலை எழுத அதில் இடமில்லை.

மேலாளர் ஸ்டெங்கல் கெட்டவர் அல்ல.
சில்லை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.
பட்டையின் அகலம் சாட்சியாகாது, வெர்னா.
மரபணுச் சோதனைக்கு இந்த வருடக் காசு தீர்ந்துவிட்டது.
ஒரு பல்லால் சராசரி அசையாது.
உண்மைதான். அவளே கணக்குப் போட்டாள்.
புள்ளிக்குப் பின் மூன்றாம் இடத்தில்
ஒரு இலக்கம் மாறியது,
அறிக்கையில் இரண்டு இடம்தான் அச்சாகும்.

அன்று ஆறு மணிக்கு எல்லோரும் போனபின்
'ஆண்' என்று எழுதிய பெட்டியை
முதல் உறையிலிருந்து திறந்தாள்.
நள்ளிரவில் மேசை ஓரத்தில்
ஒன்பது சில்லுகள் தனியாக இருந்தன.
ஒன்பதுக்கும் சாட்சி கிடையாது.

மார்ச்சில் போன். வயதுச் சீட்டு இன்னும் வரவில்லையாம்.
"சுவரில் மாட்டியாயிற்று. பையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்,
கிழவனுக்கு எத்தனை?"
"பதினான்கு," என்றாள்.
சொல்லக் கூடாது. விதி அப்படி.
"கிழவி," என்றாள்.

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது,
பிறகு யாரோ அதைக் குறைத்தார்கள்.

"தனியாகத்தான் இருந்தது, அம்மா. சத்தியமாக."
"இருந்திருக்கும்."
தாய் ஒருமுறை உறுமினால் குட்டிகள் மரமேறும்.
அதுவே வந்து கூப்பிடும்வரை
அசையாது, அழாது.
இதையும் சொன்னாளா என்று
பிற்பாடு அவளுக்கு நினைவில்லை.

"தோலை உரித்துக்கொண்டிருந்தபோது," என்றார் டீட்ரிக்,
"மேலிருந்து மரப்பட்டைத் துணுக்குகள் விழுந்தன.
என் தொப்பியில். கையில்.
அணில் என்று நினைத்தேன்."